நேரு ஸ்டேடியம் இருக்கும் இடத்தில் முன்பு என்ன இருந்தது?

காரவள்ளியில் பஸ் நின்றால் ஒரு டீ குடிக்கிற நேரமாவது நிற்கும். அதற்கு மேல் கொல்லிமலை. 70 கொண்டை ஊசி வளைவு ஏறணும் என்பதால் டிரைவரும் இறங்கி முகம் கழுவிக்கொள்வார். அந்த நிறுத்தத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோதுதான் அக்கா பொண்ணு கேட்டாள்:

"ஏன் மாமா, சென்னையில நான் ஓடப்போற அந்த ஸ்டேடியம் இருக்கே, அது கட்டறதுக்கு முன்னாடி அங்க என்ன இருந்துச்சு?"

அவள் 800 மீட்டர் ஓடுகிறவள். மாவட்டத்தில் ஜெயித்து மாநிலப் போட்டிக்குத் தேர்வாகியிருந்தாள். போட்டி சென்னை ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியத்தில். கூடப் போகிற வேலை என் தலையில் விழுந்தது. கேள்வி சின்னதுதான். ஆனா எனக்குச் சட்டென்று பதில் தெரியவில்லை. "ஏதோ காலி இடமா இருந்திருக்கும் கண்ணு" என்று சொல்லி வைத்தேன்.

அது தப்பான பதில். சென்னை மாதிரி ஊரில் காலி இடம் என்று ஒன்று கிடையாது. யாரோ, எதற்கோ பயன்படுத்திக்கொண்டிருந்த இடம்தான் உண்டு. பிறகு உட்கார்ந்து படித்ததில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன்.

116 ஏக்கர் பூங்கா

நாமக்கல்லில் ராத்திரி ரயில் ஏறினால் விடிகாலையில் சென்ட்ரல். வெளியே வந்து வலது கைப் பக்கத்தில் ரிப்பன் மாளிகை, அதன் பின்னால் ஸ்டேடியம். இடது கைப் பக்கம் என்று நினைத்துக்கொண்டு முதலில் தப்பாக நடந்தோம் என்பது வேறு கதை. அந்தக் கொஞ்ச தூர நடைக்குள்ளேயே இந்த வரலாறு முழுக்க அடங்கியிருக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

1859-ல் சென்னை மாகாண கவர்னராக வந்தவர் சார்லஸ் டிரெவெல்யன். அயர்லாந்துப் பஞ்சத்தின்போது லண்டன் கருவூலத்தில் இருந்துகொண்டு நிவாரணத்தைச் சுருக்கினார் என்று இன்றைக்கும் அந்த நாட்டில் திட்டு வாங்குகிற அதே டிரெவெல்யன்தான். சென்னையில் அவர் அதிக நாள் இல்லை. புது வருமான வரித் திட்டத்தைப் பகிரங்கமாக எதிர்த்தார் என்று 1860-லேயே திரும்ப அழைத்துக்கொண்டார்கள். அந்தச் சின்ன இடைவெளியில் அவர் தொடங்கிவிட்டுப் போன ஒரு காரியம், 'பீப்பிள்ஸ் பார்க்'. மக்கள் பூங்கா. பரப்பு 116 ஏக்கர். உள்ளே குளங்கள், வண்டிப் பாதைகள், பேண்டு வாசிக்க மேடை எல்லாம் இருந்தன. ஜார்ஜ் டவுனின் நெரிசலில் இருக்கிறவர்களுக்கு மூச்சு விட ஓர் இடம் என்பதுதான் யோசனை. பூங்கா நகர், பார்க் டவுன் என்று நாம் சொல்கிற பெயரெல்லாம் அந்தப் பூங்காவின் மிச்சம்.

அங்கேயே மிருகக்காட்சிசாலையும் இருந்தது. எட்வர்டு பால்ஃபர் 1855-ல் எழும்பூர் அருங்காட்சியகத்தில் தொடங்கியது அது. 1860-களில் இந்தப் பூங்காவுக்கு வந்தது. மெட்ராஸ் ஜனங்கள் இரண்டுக்கும் அழகாகப் பெயர் வைத்திருந்தார்கள். பாடம் செய்த மிருகங்கள் இருக்கிற மியூசியம் 'செத்த காலேஜ்', உயிரோடு இருக்கிற மிருகங்களின் இடம் 'உயிர் காலேஜ்'. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இரண்டு காலேஜையும் பார்க்காமல் ஊர் திரும்புவதில்லை. எங்கள் தாத்தா காலத்து ஆட்கள்கூட இந்தப் பெயர்களைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

வருஷக் கடைசியில் பூங்காவில் பார்க் ஃபேர் என்ற பெரிய கண்காட்சி நடக்கும். 1886 டிசம்பர் 31-ஆம் தேதி அதில் தீப்பிடித்து நூற்றுக்கணக்கானவர்கள் செத்துப்போனார்கள். சென்னை கண்ட மிகப் பெரிய தீ விபத்துகளில் ஒன்று. அந்த வழியாக நடக்கிற யாருக்கும் அதைச் சொல்லும் அடையாளம் எதுவும் கண்ணில் படாது.

கடித்துக் கடித்துத் தின்றது

இந்த 116 ஏக்கர் எப்படிப் போனது? ஒரே நாளில் யாரும் பிடுங்கவில்லை. பாருங்க, ஒவ்வொரு துண்டும் நல்ல காரியத்துக்குத்தான் போயிருக்கிறது.

விக்டோரியா மகாராணியின் பொன்விழா வந்தது. ஊருக்கு ஒரு பொது மன்றம் வேண்டும் என்றார்கள். விக்டோரியா பப்ளிக் ஹால் 1880-களின் கடைசியில் எழுந்தது. பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை நாடகம் போட்ட மேடை அது. தப்பு சொல்ல முடியுமா?

பிராட்வேயில் தெருவோரக் கடைகள் பெருகிவிட்டன, அவர்களுக்கு ஓர் இடம் வேண்டும் என்றார்கள். மாநகராட்சித் தலைவராக இருந்த ஜார்ஜ் மூர் 1898-ல் அடிக்கல் நாட்டி, 1900-ல் மூர் மார்க்கெட் திறந்தார்கள். சிவப்புச் செங்கல் கட்டடம். பழைய புத்தகத்திலிருந்து பாட்டு ரெக்கார்டு, புறா, வெள்ளெலி வரை அங்கே கிடைக்காதது இல்லை. இரண்டு தலைமுறைத் தமிழ் எழுத்தாளர்கள் கால் கடுக்க நின்று புத்தகம் பொறுக்கிய இடம்.

அப்புறம் மாநகராட்சிக்கே அலுவலகம் வேண்டியிருந்தது. 1909-ல் அடிக்கல், 1913-ல் ரிப்பன் மாளிகை. அதுவும் பூங்கா நிலத்தில்தான்.

அதன் பின்னால், இருபதாம் நூற்றாண்டின் நடுவில், மாநகராட்சி ஒரு விளையாட்டு மைதானமும் வைத்துக்கொண்டது. கார்ப்பரேஷன் ஸ்டேடியம். பின்னாளில் நேருவின் பெயரைப் பெற்றது இதுதான். அக்கா பொண்ணு கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்: ஸ்டேடியத்துக்கு முன்னால் ஒரு ஸ்டேடியம், அதற்கு முன்னால் ஒரு பூங்கா.

கிரிக்கெட் பத்து வருஷம் குடிவந்த கதை

சென்னை கிரிக்கெட் என்றால் சேப்பாக்கம் என்றுதான் எல்லாருக்கும் நினைப்பு. இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைக் கண்டதும் அங்கேதான், 1952 பிப்ரவரியில், இங்கிலாந்துக்கு எதிராக. ஆனா சேப்பாக்கம் அப்போது மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பின் கையில் இருந்த மைதானம். 1956-லிருந்து 1965 வரை சென்னையில் நடந்த ஒன்பது டெஸ்டுகளும் இந்த கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் நடந்தவை. 1967 ஜனவரியில்தான் டெஸ்ட் மறுபடி சேப்பாக்கத்துக்குப் போனது. நடுவில் இருந்த இந்தப் பத்து வருஷக் குடித்தனம் நினைவிலிருந்தே நழுவிவிட்டது.

நழுவ விட்டிருக்கக் கூடாது. ஏனென்றால் அங்கே நடந்த முதல் டெஸ்டே உலக சாதனை. 1956 ஜனவரி, எதிரணி நியூசிலாந்து. வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் ஆட்டத்தைத் தொடங்கினார்கள். முதல் நாள் முழுக்க விக்கெட் விழவில்லை. இரண்டாம் நாள் ஒருவழியாகப் பிரிந்தபோது ஸ்கோர் 413. மன்கட் 231, ராய் 173. தொடக்க ஜோடிக்கான அந்த உலக சாதனை 52 வருஷம் நின்றது. 2008-ல் சிட்டகாங்கில் தென்னாப்பிரிக்காவின் ஸ்மித்தும் மெக்கன்சியும் 415 எடுத்துத்தான் அதைத் தாண்டினார்கள். மன்கட்டின் 231-ஐ இந்தியாவில் ஒருவர் தாண்ட 1983 டிசம்பர் வரை ஆனது: கவாஸ்கர், ஆட்டமிழக்காமல் 236. அதுவும் சென்னையில்தான், சேப்பாக்கத்தில்.

1962 ஜனவரியில் இங்கிலாந்தை 128 ரன்னில் தோற்கடித்து, அவர்களுக்கு எதிரான முதல் தொடர் வெற்றியை இந்தியா இங்கே முடித்தது. சலீம் துரானிக்கு அந்த மேட்சில் 10 விக்கெட். இளைய பட்டோடியின் முதல் டெஸ்ட் சதமும் அதே ஆட்டத்தில்.

இன்னொன்று 1964 ஜனவரி, பொங்கல் டெஸ்ட். பாபு நட்கர்னி இங்கிலாந்துக்கு எதிராகத் தொடர்ந்து 21 ஓவர் மெய்டன் போட்டார். 131 பந்துக்கு ஒரு ரன்கூட இல்லை. அன்றைய கணக்கு: 32 ஓவர், 27 மெய்டன், 5 ரன், விக்கெட் இல்லை. பொங்கல் லீவுக்கு டிக்கெட் வாங்கி வந்து உட்கார்ந்தவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஆனா அறுபது வருஷம் கழித்தும் அந்தக் கணக்கு பேசப்படுகிறதே!

'பல்நோக்கு' என்றால் என்ன?

இப்போது இதே இடத்தில் கிரிக்கெட் டெஸ்ட் ஆட முடியுமா? முடியாது. காரணம் அரசியல் இல்லை, வெறும் அளவு நாடா.

தரமான 400 மீட்டர் ஓடுதளத்தில் நேர்கோட்டுப் பகுதி ஒவ்வொன்றும் 84.39 மீட்டர். வளைவின் ஆரம் 36.5 மீட்டர். அதாவது ஓடுதளத்துக்கு உள்ளே கிடைக்கிற அகலம் 73 மீட்டர். கால்பந்து மைதானத்தின் அகலம் 68 மீட்டர், கச்சிதமாக உள்ளே உட்காரும். கிரிக்கெட்டுக்கோ நடுவிலிருந்து எல்லைக்கோடு சுமார் 60, 70 மீட்டர் தள்ளி இருக்கணும். ஓடுதளத்துக்குள் வைத்தால் பக்கவாட்டில் 36 மீட்டரில் பவுண்டரி. நட்கர்னி போட்டாலும் சிக்ஸர்தான்.

ஆக, 'பல்நோக்கு விளையாட்டரங்கம்' என்பது எல்லா விளையாட்டுக்கும் என்று அர்த்தமில்லை. தடகளமும் கால்பந்தும் ஒரே கிண்ணத்தில் சேரும், கிரிக்கெட் சேராது. அப்படிச் சேர்த்தாலும் ஒரு விலை உண்டு. எட்டுத் தடங்களும் நடுவில் வந்து உட்காருவதால் கால்பந்து பார்க்கிறவனுக்குக் கோல்போஸ்ட் எங்கேயோ தெரியும். 2014-லிருந்து சென்னையின் எஃப்.சி. ஆட்டங்களுக்குப் போகிற நண்பர்கள் இதைச் சொல்லிப் புலம்பாத நாளில்லை.

1985, 1993

மறுபடி பூங்காவுக்கு வருவோம். 1985 இந்த நிலத்துக்கு ஒரு முக்கியமான வருஷம். உயிர் காலேஜுக்கு இடம் போதாமல் வண்டலூரில் பெரிய பூங்கா உருவாகி, அந்த வருஷம்தான் திறந்தார்கள். அதே வருஷம் மே 30-ஆம் தேதி மூர் மார்க்கெட் எரிந்துபோனது. ரயில்வே விரிவாக்கத்துக்கு அந்த இடம் தேவை என்று ஏற்கெனவே பேச்சு இருந்ததால், தீயைப் பற்றி ஊர் பலவிதமாகப் பேசியது. எரிந்த இடத்தில் புறநகர் ரயில் முனையம் வந்தது. அதற்கு இன்றும் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் என்றுதான் பெயர். பெயர் ரயில்வேக்குப் போனது, கடைக்காரர்கள் அல்லிக்குளத்துக்குப் போனார்கள். ஒரு காலத்தில் அல்லி பூத்த குளம், தூர்த்துக் கட்டியது அந்த வணிக வளாகம். பூங்காவின் ஒரு துண்டு இன்னொரு துண்டை நஷ்டஈடாக வாங்கிக்கொண்டது.

பழைய கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தின் இடத்தில் 1990-களின் தொடக்கத்தில் ஜெயலலிதா ஆட்சியில் புது ஸ்டேடியம் எழுந்தது. சுமார் 40,000 பேர் உட்காரலாம். 260 நாளில் கட்டி முடித்தார்கள் என்று அப்போது பெருமையாகப் பேசப்பட்டது. 1993-ல் நேரு கோப்பைக் கால்பந்து இங்கே நடந்தது. 1995 டிசம்பரில் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள். பக்கத்திலேயே உள்ளரங்கமும் வந்தது. 1992-ல் தொடங்கிய தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் தலைமையகமும் இந்த வளாகத்தில்தான். மாநகராட்சி மைதானம் மாநிலத்தின் மைதானமானது இப்படி.

2013-ல் நடந்தது வேறு. ஆசியத் தடகளப் போட்டி அந்த ஜூலையில் சென்னையில் நடக்க வேண்டும். ஈழத்தில் நடந்தவை பற்றி மனம் கொதித்துக்கொண்டிருந்த நேரம். இலங்கை வீரர்கள் வருவதாக இருந்தால் இங்கே போட்டி நடத்த முடியாது என்று பிப்ரவரியில் தமிழக அரசு சொல்லிவிட்டது. போட்டி புனேவுக்குப் போனது. அந்த முடிவை நான் அன்றைக்கு முழு மனதோடு ஆதரித்தேன். இன்றும் அதன் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனா அக்கா பொண்ணு ஓட ஆரம்பித்த பிறகு இன்னொன்றும் தோன்றுகிறது. ஆசியாவின் நல்ல ஓட்டக்காரர்களைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கக்கூடிய தமிழ்ப் பிள்ளைகள் சில ஆயிரம் பேர் அன்று அதை இழந்தார்கள். இரண்டு உண்மைகளும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு 2022-ல் உள்ளரங்கில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா, 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளின் தொடக்கம். டி.வி.யில் இந்த இடம் தெரிவதெல்லாம் இப்படிப்பட்ட விழா நாட்களில்தான்.

நாலு வளைவு

போட்டி அன்று மத்தியான வெயில். செயற்கை ஓடுதளம் தோசைக்கல் மாதிரி. மற்ற பிள்ளைகளில் பலர் ஸ்பைக்ஸ் போட்டிருந்தார்கள். எங்கள் பிள்ளை சாதாரண கேன்வாஸ். 800 மீட்டர் என்றால் இரண்டு சுற்று, மொத்தம் நாலு வளைவு. "எழுபது வளைவு பார்த்த புள்ளைக்கு நாலு வளைவு என்ன கணக்கு" என்று அக்கா போனில் தைரியம் சொன்னாள்.

ஹீட்ஸில் ஆறாவதாக வந்தாள். அடுத்த சுற்றுக்குப் போகவில்லை. அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. தரையைக் கையால் அழுத்திப் பார்த்துவிட்டு, "மாமா, இது காலைத் திருப்பித் தள்ளுது. நம்ம மண்ணு காலை உள்ள இழுக்குது. இதுல ஒரு மாசம் ஓடியிருந்தா வேற மாதிரி ஆகியிருக்கும்" என்றாள். பதினாலு வயசு. எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

திரும்பி சென்ட்ரலுக்கு நடக்கும்போது வழியில் இருந்த ஒவ்வொரு கட்டடத்தையும் காட்டினேன். இது மார்க்கெட் இருந்த இடம், இது குளம், இங்கே புலி இருந்தது. அவள் கேட்டாள்: "அப்ப பூங்கா எங்க மாமா?" மை லேடீஸ் பூங்கா என்று ஒரு துண்டு மிச்சம் இருக்கிறது. 116 ஏக்கரில் பூங்கா என்று சுட்டிக்காட்ட முடிந்தது எனக்கு அந்தத் துண்டு ஒன்றுதான்.

ஏன் இதை எழுதுகிறேன்

எங்கள் பக்கத்தில் ஒரு புறம்போக்கு மைதானம் இருக்கிறது. அக்கா பொண்ணு ஓடிப் பழகியது அங்கேதான். கபடி, வாலிபால், திருவிழா நாடகம், நெல் காயவைப்பது எல்லாம் அங்கேயே. நிஜமான பல்நோக்கு அரங்கம் என்றால் அதுதான். அதன் ஒரு மூலையில் ஏற்கெனவே தண்ணீர்த் தொட்டி வந்துவிட்டது. இன்னொரு மூலையில் ஒரு பொதுக் கட்டடம் வந்தது. இப்போது மூன்றாவதாக இன்னொன்றுக்கு அளந்து கல் நட்டிருக்கிறார்கள். எதுவுமே கெட்ட காரியம் இல்லை. தண்ணீர் வேண்டாம் என்று யார் சொல்வது?

பீப்பிள்ஸ் பார்க்கின் கதையைப் படித்ததில் எனக்குக் கிடைத்தது இதுதான். பொது நிலத்தை யாரும் கெட்ட காரியம் சொல்லிக் கேட்பதில்லை. மன்றம், மார்க்கெட், அலுவலகம், ஸ்டேடியம், ரயில் என்று ஒவ்வொரு தடவையும் மறுக்க முடியாத காரணத்தோடுதான் வருகிறார்கள். சும்மா கிடக்கிற இடத்துக்குத் தன் பக்கத்து நியாயத்தைச் சொல்ல வாய் இல்லை. அதனால் அது எப்போதும் தோற்கிறது. தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டரங்கம் என்று அரசு அறிவித்திருப்பது நல்ல செய்திதான். ஆனா புதிதாகக் கட்டுவதற்கு முன்னால், பிள்ளைகள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற மண் மிச்சம் இருக்க வேண்டாமா?

போன கிராம சபையில் இதை எழுதிக் கொடுத்தோம். மூன்றாவது கட்டடத்தை மைதானத்தின் ஓரத்துக்குத் தள்ளி, நடுவில் 200 மீட்டர் சுற்றுக்காவது இடம் விடணும் என்பதுதான் கோரிக்கை. அளவு போட்டு வரைபடம் கொடுத்தது அக்கா பொண்ணு. நேரு ஸ்டேடியத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட தடத்தின் அகலம், 1.22 மீட்டர், அதில் சரியாக எழுதியிருந்தாள். தீர்மானத்தில் சேர்த்திருக்கிறார்கள். நட்ட கல்லை இன்னும் யாரும் பிடுங்கவில்லை. அவள் அந்தக் கல்லைச் சுற்றிக்கொண்டு தினமும் காலையில் ஓடுகிறாள்.